ரீசெட் கடைசி வழியாக இருக்கட்டும்

ஜிபிஎஸ் வாட்ச்சில் அப்டேட்டுக்குப் பிறகு, நாம் ஓடிய பாதை வரைபடத்தில் சாலையை விட்டுக் கட்டடங்களுக்குள் போனால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்கிறது ஒரு கட்டுரை. அவசரப்பட வேண்டாம். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கும் என்று வாட்ச்சுக்கு முன்கூட்டியே சொல்லும் கணிப்புக் கோப்பு அழிந்தோ காலாவதியாகியோ இருக்கலாம். கார்மின் வாட்ச்சில் சிஸ்டம், அபௌட் பக்கத்தில் இந்தக் கோப்பைக் குறிக்கும் சிபிஇ (சில மாடல்களில் இபிஓ) வரி 'கரன்ட்' என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் போன் ஆப்புடன் சிங்க் செய்யுங்கள். பிறகு மரமோ மாடியோ மறைக்காத வெட்டவெளியில், ஜிபிஎஸ் ஓடும் நிலையில் 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். செயற்கைக்கோள்களின் பாதை விவரப் பட்டியலான அல்மனாக் முழுதாக இறங்கவே 12.5 நிமிடம் பிடிக்கும். தினசரி ஓட்டத்திலும் சிக்னல் கிடைத்ததைக் காட்டும் பச்சை வந்ததும் பாயாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள், தொடக்கக் கோணல் பெரும்பாலும் அந்த அவசரத்தால் வருவது. ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் சிக்னல் பெறும் மல்டிபேண்ட் தேர்வு ஓட்டம், சைக்கிள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அப்டேட்டில் மாறியிருக்கிறதா என்று அவற்றையும் திறந்து பாருங்கள்.