நாலாவது அலசலில் ஏன் குறைந்தது?

சனிக்கிழமை அறிவியல் கண்காட்சியில், பாத்திரம் அலசுவதைப் பற்றி ஒரு எட்டாம் வகுப்புப் பெண் செய்த ப்ராஜெக்டை நடுவர் எல்லோர் முன்னாலும் மட்டம்தட்டி, மார்க்கும் குறைத்துவிட்டார். அதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று. திட்டியவர்கள் திட்டியாயிற்று, நடுவர் பக்கம் பேசியவர்களும் பேசியாயிற்று. ஆனால் நேற்று இரவு, நான் மிகவும் மதிக்கும் ஒரு பேராசிரியரே "ஒரு எட்டாம் வகுப்புப் பெண் விளையாட்டாகச் செய்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆமாம், விளையாட்டாகச் செய்ததுதான். அதனால்தான் அது அறிவியல்.

வீடியோவில் அவள் பேசுவது அரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள் நடுவர் குறுக்கே புகுந்துவிட்டார். நான் அன்று அங்கே இருந்தேன், அவளுடைய நோட்டை முழுக்கப் படித்தேன். பாத்திரம் தேய்த்தபின் எத்தனை தடவை அலசினால் சோப்பு முழுதாகப் போகும்? இதுதான் அவள் கேள்வி. ஒவ்வொரு அலசல் தண்ணீரையும் தனித்தனி எவர்சில்வர் தட்டில் ஊற்றி, மேலே மிளகுத்தூள் தூவி, நடுவில் சோப்பு தொட்ட பல்குச்சியை வைத்திருக்கிறாள். சுத்தமான தண்ணீரென்றால் மிளகு சட்டென்று விளிம்புக்கு ஓடும். சோப்பு பட்ட இடத்தில் பரப்பு இழுவிசை, அதாவது நீரின் மேல்பரப்பைத் தோல் போல இழுத்துப் பிடிக்கும் விசை, குறைகிறது, சுற்றியுள்ள நீர் பலமாக இழுக்கிறது, மிளகும் கூடவே போகிறது. தண்ணீரில் ஏற்கெனவே சோப்பு கலந்திருந்தால் அந்த வித்தியாசமே இருக்காது. மிளகு அப்படியே நிற்கும், கொஞ்சம் மூழ்கியும் போகும்.

எவ்வளவு தூரம் ஓடியது என்று ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறாள். முதல் அலசலில் நகரவே இல்லை. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவதில் விளிம்பு வரை. நாலாவதில் மறுபடியும் குறைந்துவிட்டது. அதற்கு நேரே பென்சிலில், "ஏன் என்று தெரியவில்லை. திரும்பவும் செய்து பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு லாரித் தண்ணீர்தான் வருகிறது. அம்மா ஐந்து தடவை அலசுவாராம். மூன்றே போதும் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு.

இதைப் பார்த்துத்தான் நடுவர் சொன்னார்: "வீட்டு வேலையை எல்லாம் ப்ராஜெக்ட்னு கொண்டு வரக்கூடாதும்மா. ரீடிங்கே சரியா வரலைன்னு நீயே எழுதியிருக்கியே."

இந்த இரண்டு வாக்கியங்களிலும் எனக்குத் தனித்தனியாக வலிக்கிறது.

முதலில் வீட்டு வேலை. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்று ஒரு பெண் இருந்தார். அன்று பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. உடல்நலம் இல்லாத பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, வீட்டு வேலை செய்துகொண்டு, 1880-களில் அந்தச் சமையலறையிலேயே நீர்ப்பரப்பை ஆராய்ந்தார். தண்ணீர்த் தொட்டியின் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து, அதை நகர்த்தி நகர்த்தி, துளி எண்ணெய்ப் பசை பட்டால் பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்று அளந்தார். 1891-இல் இங்கிலாந்தின் பெரிய இயற்பியலாளர் ரேலீக்கு அதை ஒரு கடிதமாக எழுதினார். ஜெர்மன் மொழியில் வந்த அந்தக் கடிதத்தை ரேலீயின் மனைவி மொழிபெயர்க்க, ரேலீ அதை நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு அனுப்பி, அந்த மார்ச் மாதமே அச்சாக வைத்தார். பின்னாளில் இதே துறையில் அமெரிக்க வேதியியலாளர் லாங்முயருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பயன்படுத்திய தொட்டிக்கு முன்னோடி பாக்கெல்ஸின் தொட்டி.

இன்றைக்கு மேற்பரப்பு வேதியியலில் வேலை செய்யும் நாங்கள் எல்லோரும் அந்தச் சமையலறையிலிருந்து வந்தவர்கள்தான். அந்தக் கடிதம் ரேலீயிடம் போகாமல் நம் நடுவரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"ஐந்து நிமிடத்தில் ஒரு நடுவர் எவ்வளவுதான் பார்க்க முடியும்?" என்று கேட்கிறார்கள். நியாயம்தான். நேரம் போதாது, ஒப்புக்கொள்கிறேன். நேரம் இல்லையென்றால் "நன்றி, நல்லா பண்ணியிருக்கே" என்று சொல்லிவிட்டு நகரலாமே. மட்டம்தட்ட மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

"முதல் பரிசு வாங்கிய குழந்தையைக் குறை சொல்கிறீர்களா?" இல்லவே இல்லை. அந்தக் குழந்தை செய்த ஹைட்ராலிக் கை, அதாவது திரவ அழுத்தத்தில் அசையும் இயந்திரக் கை, நன்றாகவே வேலை செய்தது.

"ராக்கெட் விடும் நாட்டில் மிளகுத்தூளும் சோப்பும் பேசிக்கொண்டிருக்கிறீர்களே" என்று ஒருவர். ஐயா, திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் மிருதங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சால்தான் அதற்குத் தந்தி வாத்தியம் போன்ற சுருதி வருகிறது என்று ஆராய்ந்து 1920-இல் நேச்சரில் எழுதினார். அதே ஆள்தான் 1928-இல் ராமன் விளைவைக் கண்டார். இது வேறு மூளை, அது வேறு மூளையா?

சரி, இப்போது அந்த இரண்டாவது வாக்கியம். ரீடிங் சரியாக வரவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாயே.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது என் வரைபடத்தில் ஒரு புள்ளி கோட்டை விட்டுத் தள்ளி நின்றது. ஒரு மூத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அந்த ஒரு புள்ளியை எடுத்துடும்மா, கிராஃப் அழகாயிடும்" என்றார். அதட்டிச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. நான் எடுக்கவில்லை. அதற்கப்புறம் குழுக் கூட்டங்களில் என் பேச்சு எடுபடவே இல்லை, "பிடிவாதக்காரி" என்று பெயர் வந்தது. அந்தப் புள்ளி ஏன் அங்கே விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அது விழுந்தது. விழுந்ததை விழவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இதை ஒரு குழந்தை, யாரும் சொல்லித்தராமல், தானாகச் செய்திருக்கிறது. அதற்கு மார்க் குறைப்பீர்களா? குறைத்தால் அடுத்த வருடம் அவள் என்ன செய்வாள் என்று யோசித்தீர்களா? நாலாவது அலசலிலும் "விளிம்பு வரை" என்று எழுதிக்கொண்டு வருவாள். நாமே கற்றுக்கொடுத்த பொய் அது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஷோன் என்ற ஆய்வாளர் அழகழகான வரைபடங்களாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். வெவ்வேறு சோதனைகளின் இரைச்சல்கூட, அதாவது அளவுகளில் தற்செயலாக வரும் சிறு ஏற்ற இறக்கம்கூட, அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதை மற்றவர்கள் கவனித்த பிறகுதான் 2002-இல் அவற்றில் பல இட்டுக்கட்டியவை என்று அம்பலமானது. அவரும் ஒரு காலத்தில் எட்டாம் வகுப்பு படித்தவர்தானே?

மறுபக்கம் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சனைப் பாருங்கள். விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிடப் போனார். எங்கிருந்தோ வந்து கலந்த ஈயம் அவருடைய அளவுகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. ஆய்வகத்தைத் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக்கி, 1956-இல் 455 கோடி ஆண்டுகள் என்ற விடையை வெளியிட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. அந்த உபரி ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனார். பெட்ரோலில் கலந்த ஈயம் காற்றையும் கடலையும் மனிதர்களின் உடம்பையும் நிறைத்துக்கொண்டிருப்பதை வெளியே சொன்னார். அந்தத் தொழில்துறை பல வருடம் அவரோடு மல்லுக்கு நின்றது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000-இல்தான். பொருந்தாத அளவை ஒரு மனிதர் தூக்கிப் போடாததால், நம் பிள்ளைகள் இன்று கொஞ்சமாவது நல்ல காற்றைச் சுவாசிக்கிறார்கள்.

"ஒரு பள்ளிக்கூடப் ப்ராஜெக்டுக்குப் போய் பேட்டர்சனா?" என்று கேட்பீர்கள். ஆமாம், பேட்டர்சன்தான். நேர்மைக்குச் சின்னது பெரியது கிடையாது. அறிவியல் அறம் என்று கருத்தரங்கு நடத்துகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். அது நம் கண் முன்னால் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது, நாம் மார்க் குறைத்தோம்.

நாலாவது அலசலில் ஏன் குறைந்தது என்பதற்கு என் ஊகம், விரலில் இருந்த எண்ணெய்ப் பசை. தட்டின் உள்விளிம்பைத் தொட்டாலே போதும். பாக்கெல்ஸ் ஆராய்ந்ததும் இதே மாதிரியான பசையைத்தான். நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். தட்டை விளிம்பில் தொடாமல் பிடித்து மறுபடி செய்து பார்க்கும்படி அவளுடைய ஆசிரியை மூலம் சொல்லியனுப்பியிருக்கிறேன்.

அமைப்பாளர்களிடம் நான் பரிசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நடுவர் ஒரு வார்த்தை பேச வேண்டும். அடுத்த வருட மதிப்பெண் தாளில் "எதிர்பார்த்தபடி வராத அளவுகளைப் பதிவு செய்திருக்கிறாரா?" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.