பேஸ் ஆம்ப் சின்னதாக இருந்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷன் கச்சேரியில் நான் பேஸ் கிடார் வாசித்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். “பேஸ் தகரம் மாதிரி கேக்குது, அந்தச் சின்னப் பொட்டிய வெச்சா வேற என்ன வரும்” என்று ஒருவர் எழுதியதையும், அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளையும் நானும் பார்த்தேன். சிரித்தவர்களில் என்னோடு ஒரே மேடையில் வாசித்தவர்களும் உண்டு. அதுதான் வலிக்கிறது.

அந்த வீடியோவில் நீங்கள் கேட்டது என் பெட்டியின் சத்தமே இல்லை. ஆம்ப்பிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போகும் டி.ஐ. அவுட்டை, என் டோனும் சேர்ந்து போகிற ‘போஸ்ட்’டில் வைத்து லைன் கொடுத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த லைன் பிடுங்கப்பட்டிருக்கிறது. என் கிடார் கேபிள், ஆம்ப்பைத் தொடாமலே மிக்ஸருக்குப் போக, நேராக சவுண்ட்காரரின் டி.ஐ. பாக்ஸில். “ஒங்க ஆம்ப்புல பவர் பத்தாது தம்பி, நான் பாத்துக்கிறேன்” என்றார். ஹாலுக்குப் போகும் லைனுக்கும் ஆம்ப்பின் வாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. டோனைச் செதுக்கும் முன்பகுதியான பிரீஆம்ப்பில் நான் செய்துவைத்த டோன்தான் அந்த வழியாகப் போகும். அதைத்தான் பிடுங்கிப் போட்டார்.

வார்ம் டோன், அந்தக் கதகதப்பான உருண்டைச் சத்தம், வாட்டில் இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எல்லோரும் வாயில் வைத்துக் கொண்டாடுகிற அந்தப் பழைய சத்தம் எங்கிருந்து வந்தது? ஆம்பெக் கம்பெனி 1960-இல் கொண்டுவந்த பி-15 போர்ட்டாஃபிளெக்ஸ். ஒரே ஒரு 15 இஞ்ச் ஸ்பீக்கர், 25 வாட் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப். வேலை முடிந்ததும் ஆம்ப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே இறக்கி மூடிவிடலாம். தூக்கிக்கொண்டு போவதற்கென்றே செய்த பெட்டி அது. மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கிடையாது, அதனால் கம்பியின் கிறீச் சத்தம் மேலே வராது. அழுத்தி வாசித்தால் வால்வு மெதுவாக அமுங்கி, நோட்டைக் கொழுக்க வைக்கும். இன்று உங்களுக்கு ‘விண்டேஜ்’ என்றால் இதுதான், 25 வாட்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ரெக்கார்டிங்குகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்களில் பி-15 வைத்திருந்தார். ஆனால் ஸ்டூடியோவில் பெரும்பாலும் நேராக கன்சோலுக்குத்தான் (ஸ்டூடியோ மிக்ஸர்) லைன் போனது. பிரிசிஷன் பேஸ் என்ற கிடார், வழவழப்பாகச் சுற்றிய ஃபிளாட்வவுண்ட் கம்பி, அடியில் ஒரு ஃபோம் துண்டு, வலது கையில் ஒற்றை ஆள்காட்டி விரல். மாற்றாத பழைய கம்பிகளையே வைத்திருந்தார். அந்த டோனில் பாதிக்கு மேல் ஆம்ப்புக்கு வெளியே இருக்கிறது.

எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஜேமர்சன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மெல்லிசைக் கச்சேரியிலேயே காலத்தை ஓட்டியவர். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைக் கத்தரித்து பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் செருகி வைத்திருப்பார். வாசிக்கும் கை நெக் பக்கமாகத் தள்ளியே இருக்கும். எண்பதுகளின் பாட்டு ஒன்றை அவர் எடுத்தால், ‘டும்’ என்று விழுந்து சட்டென்று நிற்கும் அந்த நோட்டை நெஞ்சில் வாங்கிக்கொள்ளலாம். கடன் வாங்கிய ஏதோ ஒரு ஆம்ப்தான் அவருக்கு எப்போதும்.

“அப்படியானால் ஹெட்ரூம், சத்தம் கரகரக்காமல் ஏற்ற இடம்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தடித்த ஈ ஸ்டிரிங் 41 ஹெர்ட்ஸ், அதைச் சுத்தமாகத் தள்ள பவர் வேண்டும்தான். அதனால்தான் என்னிடம் இருப்பது 500 வாட் கிளாஸ்-டி ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத எடை குறைந்த ஆம்ப். இரண்டு கிலோ கூட வராது, கிடார் பையின் முன் பாக்கெட்டில் போகும். முன்னால் ஒரு வால்வு டோன் பிரீஆம்ப் பெடல். எடை குறைந்த நியோடிமியம் காந்தம் போட்ட ஒற்றை 12 இஞ்ச் ஸ்பீக்கர் கேபினெட், ட்வீட்டர் முழுக்க ஆஃப். என்னைப் பார்த்துச் சிரித்தவர் இதைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியின் உயரத்தைப் பார்த்தார், தீர்ப்புச் சொல்லிவிட்டார். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும்.

ஆம்பெக்கின் பெரிய எஸ்.வி.டி. ஆம்ப் வைத்துத்தானே பெரிய ஆட்கள் வாசித்தார்கள் என்பவர்களுக்கு: 1969-இல் வந்த 300 வாட் ஆம்ப் அது. மேடை ஆம்ப்பே கூட்டம் முழுவதற்கும் கேட்டாக வேண்டியிருந்த காலம். இன்று ஹால் முழுக்கக் கேட்க பி.ஏ. ஸ்பீக்கர்கள் இருக்கின்றன.

“ஆம்ப்பே எதுக்கு, பெடலிலிருந்து நேரா குடு” என்பவர்களிடம் நான் பேசவே விரும்பவில்லை. எங்கள் மேடையில் காதுக்குள் மாட்டிக் கேட்கும் இன்-இயர் யார் தருகிறார்கள்? கீபோர்டுக்கு இரண்டு மானிட்டர், பாடகருக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்றும் கிடையாது. டிரம்மரும் நானும் ஒருவரையொருவர் கேட்பது அந்தச் சின்னப் பெட்டியால்தான்.

உண்மையில் என் கோபம் டோன் பற்றியது மட்டுமில்லை. லீட் கிடார்காரரின் ஆம்ப் முன்னால் மைக் வைக்கும்போது “அண்ணே, இந்த இடம் ஓகேவா” என்று கேட்கிறார்கள். பேஸ்காரனின் கேபிளை மட்டும் கேட்காமல் பிடுங்கலாம். சம்பளக் கவரிலும் அதே கணக்குத்தான். பேஸ் நின்றுபோனால் பாட்டு உட்கார்ந்துவிடும் என்று மேடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், தெரிந்தும் சிரிக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பயந்துபோய், கடன் வாங்கியாவது நாலு ஸ்பீக்கர் கேபினெட் எடுக்கலாமா என்று இன்பாக்ஸில் கேட்ட தம்பிக்கு: வேண்டாம்ப்பா. முதலில் ஒரு செட் ஃபிளாட்வவுண்ட் கம்பி போடு. டோன் நாப்பைப் பாதிக்குக் கீழே இறக்கு. கேபினெட் பார்க்கப் போகும்போது உன் கிடாரையே எடுத்துக்கொண்டு போ, ட்வீட்டரை அணைக்கச் சொல், ஈ ஸ்டிரிங்கை எங்கும் அழுத்தாமல் அடித்துவிட்டு, சத்தம் அடங்கும்வரை கேள். தனியாகப் படியேற்றித் தூக்க முடிகிறதா என்றும் பார். பிடித்தால் வாங்கு. எத்தனை வாட் என்று கடைக்காரரிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.