பெரியப்பா கார்கிலுக்குப் போனதே இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் எங்கள் ஊர் முன்னாள் ராணுவ வீரர் சுபேதார் பெரியப்பாவுக்கு நடந்த பாராட்டு விழா வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "உங்க ஊர்ப் பெரியவர்தானே, பெருமையா இருக்கு" என்று பாதிப் பேர் எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இன்று காலை ஒருவர் அதே படத்தைப் போட்டு, "தாமதமானாலும் தக்க மரியாதை" என்று எழுதி என்னையும் டேக் செய்திருந்தார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

தக்க மரியாதையா? அவர் என்ன செய்தார் என்று அந்த மேடையில் ஒருவராவது சொன்னாரா?

நான் அங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் பன்னிரண்டரைக்கு வந்தார். அதை விட்டுவிடுகிறேன், நமக்குப் பழகிப்போனது. மேடைக்குப் பின்னால் பிளெக்ஸில் பெரியப்பா படத்துக்குக் கீழே "கார்கில் நாயகன்" என்று போட்டிருந்தார்கள். சுபேதார் பெரியப்பா 1995-லேயே பென்ஷன் வந்துவிட்டவர். கார்கில் சண்டை நடந்தது 1999-ல். அவர் போரில் நின்றது 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், மேற்கு எல்லையில், ஷகர்கர் பகுதியில். அப்போது அவருக்கு 22 வயது, சாதாரண சிப்பாய். பிளெக்ஸைப் பார்த்ததும் மைக் வைத்திருந்த பையனைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார்: "தம்பி, நான் கார்கிலுக்குப் போகல. எழுபத்தொண்ணு." அந்தப் பையன் சொன்ன பதில் என் காதில் விழுந்தது. "ஏதோ ஒரு போர்தானே தாத்தா, விடுங்க."

பெரியப்பா விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை.

அப்புறம் பொன்னாடை. அவர் பழைய நீல நிறக் கோட்டின் இடது பக்கம் மெடல்களை வரிசையாகக் குத்திக்கொண்டு வந்திருந்தார். அதில் ஒன்று பஷ்சிமி ஸ்டார், 1971-ல் மேற்குப் போர்முனையில் நின்றவர்களுக்குக் கொடுத்தது. முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து பிராசோ போட்டுத் துடைத்ததாகப் பெரியம்மா சொன்னார். அந்த மெடல்களை முழுசாக மூடிப் பொன்னாடையைப் போர்த்தினார்கள். வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். போட்டோவுக்குத் திரும்பச் சொன்னதும் அவர் வலது கையால் பொன்னாடையை இடது தோள் பக்கம் கொஞ்சம் ஒதுக்குவார். யாரோ ஒரு கை வந்து மறுபடியும் இழுத்துச் சரிசெய்யும். அதை நான் பத்துத் தடவையாவது பார்த்துவிட்டேன்.

"ஐம்பது வருஷத்துக்கு மேல் யாரும் கண்டுகொள்ளவில்லை, இப்போதாவது செய்தார்களே, அதிலும் குற்றம் கண்டுபிடிக்கணுமா" என்று கேட்பீர்கள். தாமதம் என்பதற்காக நான் கோபப்படவில்லை. ஐம்பது வருஷம் கழித்துக் கூப்பிட்டால்கூடச் சரி. கூப்பிட்டால் எதற்காகக் கூப்பிட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? என்ன செய்தார் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி வாசித்திருந்தால் நான் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

"வீரச் செயல் என்றால் அப்போதே வீர் சக்ரா கொடுத்திருப்பார்களே" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். அந்தப் போர்க்கள வீர விருது எப்படிக் கிடைக்கிறது என்று தெரியாமல் பேசுகிறார். நேரில் பார்த்தவர்கள் சொல்ல வேண்டும், அதிகாரி பரிந்துரை எழுத வேண்டும், அது மேலே மேலே போக வேண்டும். எழுத வேண்டிய அதிகாரியே மறுநாள் காலையில் செத்துப்போனால்? பெரியப்பா விஷயத்தில் நடந்தது அதுதான்.

என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன். விழா முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் காரில் கூட்டிவந்தவர்கள் திரும்பக் கொண்டுபோய் விட ஆள் அனுப்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி பஸ்ஸுக்கு நின்றிருந்தார், மடித்த பொன்னாடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. நானும் கூட நின்றேன். மேலே பனிமூட்டம் இறங்கியிருந்ததால் பஸ் வரத் தாமதம். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அன்னைக்கு என்னதான் நடந்துச்சு பெரியப்பா?" என்று கேட்டேன். முப்பது வருஷமாகத் தெரிந்த மனிதரிடம் முதல் தடவையாகக் கேட்டேன்.

ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றுப் பக்கம் அது. வயல் முழுக்கக் கண்ணிவெடி. அந்த ஒரு சண்டையில் அருண் கேத்ரபால், ஹோஷியார் சிங் என்று இரண்டு பேர் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ரா வாங்கினார்கள் என்றால் எப்படிப்பட்ட இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி, உறைபனி, மேலே ஷெல் விழுந்துகொண்டே இருக்கிறது. அடிபட்ட இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் போட்டு, கண்ணிவெடி வயலுக்குள் தாங்கள் வந்த காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பியிருக்கிறார். "எனக்கு ஏழாம் நம்பர் பூட்ஸ், அம்மிணி. முன்னால போனவனுக்கு ஒன்பது. அதனால கால் வைக்க வசதியா இருந்துச்சு." டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அந்தத் தடத்தின் அளவைக் காட்டினார். கை நடுங்கவில்லை. இந்த ஒரு வரியை அந்த மைக்கில் சொல்லியிருக்கக் கூடாதா?

1971 போரில் ராணுவத் தளபதியாக இருந்து, நம் மலையிலேயே வாழ்ந்து முடித்த மானெக்‌ஷாவை நினைத்துக்கொண்டேன். 1942-ல் பர்மாவில், சிட்டாங் பாலத்துப் பக்கம் வயிற்றில் குண்டு பாய்ந்து கிடந்தவருக்கு, பிழைக்க மாட்டார் என்று நினைத்து, அவருடைய டிவிஷன் தளபதி ஜெனரல் கோவன் தன் வீர விருதான மிலிட்டரி கிராஸின் ரிப்பனையே கழற்றிக் குத்திவிட்டார் என்று சொல்வார்கள். அதே மனிதருக்கு, 1973-ல் பீல்டு மார்ஷல் ஆனவருக்குச் சேர வேண்டிய நிலுவைத் தொகை, ஒரு கோடி ரூபாய்க்கு மேல், 2007-ல்தான் கைக்கு வந்தது. அடுத்த வருஷம் ஜூனில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்துவிட்டார். அவருக்கே அப்படி. பர்மாவில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றிய சிப்பாய் ஷேர் சிங்கின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தூக்கிக்கொண்டு வந்தவன் பெயர் எப்போதும் விட்டுப்போகிறது.

"இவ்வளவு பேசுகிறாயே, முப்பது வருஷம் நீ ஏன் கேட்கவில்லை?" இதை யாரும் இன்னும் எழுதவில்லை. எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், கேட்கவில்லை. அவரிடம் மட்டுமில்லை, என் அப்பாவிடமும் கேட்கவில்லை.

அப்பா அமைதிப் படையில் இலங்கைக்குப் போனவர். 1987-ல் போய் இரண்டு வருஷம் கழித்து வந்தார். தமிழ் பேசுகிறவர்களின் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு நின்ற தமிழ்ச் சிப்பாய். அங்கே செத்த இந்தியச் சிப்பாய்கள் கிட்டத்தட்ட 1,200 பேர். திரும்பி வந்தவர்களிடம் பேச நம் ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. அதற்கு ஆயிரம் நியாயம் இருக்கலாம், அந்த மக்கள் பட்ட பாட்டை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் டிவியில் யாழ்ப்பாணம் என்று வந்தாலே எழுந்து தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொள்ளும் மனிதர் எங்கள் வீட்டில் இருந்தார். அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும். 2011-ல் போய்விட்டார். அங்கே என்ன பார்த்தார், என்ன செய்தார், யாரைக் காப்பாற்றினார், யாரையாவது காப்பாற்ற முடியாமல் போனாரா, எதுவும் எனக்குத் தெரியாது. பெற்ற மகளுக்கே தெரியாது. இனிமேல் கேட்கவும் வழியில்லை.

அதனால்தான் இந்தக் கோபம். விழா நடத்தியவர்கள் மேல் மட்டும் என்று நினைக்காதீர்கள். அவர்கள் நல்ல மனசோடுதான் செய்தார்கள், செலவு செய்தார்கள், சாப்பாடு போட்டார்கள். ஆனால் எந்தப் போர் என்று கேட்க ஒரு போன் போதும். பெரியப்பா வீட்டில் போன் இருக்கிறது, பெரியம்மா எடுப்பார்.

"போர் வீரர்கள் விருதுக்கா சண்டை போட்டார்கள்?" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ராத்திரி உட்கார்ந்து மெடல் துடைத்தவரிடம் போய்க் கேளுங்கள்.

அவர் தூக்கி வந்தவர்களில் ஒருவர் திருநெல்வேலிப் பக்கம், அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் கடிதம் போட்டாராம். இன்னொருவர் யாரென்று பெரியப்பாவுக்குத் தெரியாது. இருட்டில் முகம் பார்க்கவில்லை. தோளில் கிடந்தபடி "வெள்ளம், வெள்ளம்" என்று தண்ணீர் கேட்டதால் மலையாளி என்று மட்டும் தெரியும். ஆம்புலன்ஸில் ஏற்றியதோடு சரி, பிழைத்தாரா என்றுகூடத் தெரியாது. "அவன் இருந்தா அவனுக்கும் எழுபத்தஞ்சுக்கு மேல ஆயிருக்கும்" என்றார் பஸ் ஏறும்போது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். கேரளத்தில் இருக்கும் நண்பர்களே, 1971 டிசம்பரில் பசந்தர் பக்கம் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து அடிபட்டு, ராத்திரியில் யாரோ ஒரு தமிழ்ப் பையன் தூக்கிக்கொண்டு வந்தான் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள். மலையாளத்தில் எழுதினாலும் பரவாயில்லை, படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.