அண்டாவில் ஒரு மான்ஸ்டெரா

(செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில், தூணோரம் ஒரு பித்தளை அண்டா. அதற்குள் மஞ்சள் பாரித்த மான்ஸ்டெராச் செடி. நர்சரித் தம்பி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறார். ஆச்சி சொம்பும் கையுமாகப் பக்கத்தில்.)

தம்பி: எத்தனை வேளை தண்ணீர் ஊற்றுறீங்க?

ஆச்சி: காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. நடுவில் அரிசி களைந்த தண்ணீர். சிங்கப்பூர் மருமகள் ஆசையாக வாங்கி வைத்தது, வாடவிடலாமா?

தம்பி: புதுமாப்பிள்ளைக்குப் பணியாரம் வைக்கிற மாதிரி ஊற்றியிருக்கீங்க. வேருக்குக் காற்றும் வேணும் ஆச்சி. மண்ணில் தண்ணீர் கட்டினால் மூச்சு முட்டி அழுகிவிடும். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். சரி, ஓட்டை எங்கே?

ஆச்சி: எதில்?

தம்பி: அண்டாவில்.

ஆச்சி: எங்க ஆயா கல்யாணத்துக்குப் பரப்பிய சாமான் தம்பி இது!

(இந்தப் பக்கம் ஆச்சியைக்கூட ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், அண்டாவைச் சொல்லக்கூடாது.)

தம்பி: அண்டாவைத் தொடவே மாட்டேன். ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை மாற்றி, அதை உள்ளே இறக்கிவிடலாம். அடியில் உடைந்த ஆத்தங்குடிக் கல் நாலைப் போட்டால், வடிகிற தண்ணீர் வேரைத் தொடாது. அதை அப்பப்போ கொட்டிவிடுங்க.

ஆச்சி: வெளியில் அண்டா மட்டும்தானே தெரியும்?

தம்பி: அண்டா மட்டும்தான்.

ஆச்சி: அப்ப சரி. இன்னொன்று. நீ கொடுத்தபோதே இலையெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. விடாமல் வேப்பெண்ணெய் அடித்தேன். இப்போது புது இலையில் ஓட்டையே இல்லை, பார்!

தம்பி: ஐயோ, அந்த ஓட்டைதான் அதற்கு அழகு! மெக்சிகோப் பக்கத்துக் காட்டுக்கொடி இது. வெளிச்சம் போதாவிட்டால் இலை சிறுத்து, ஓட்டையில்லாமல் வரும். முற்றத்தோரம் நகர்த்தி வையுங்க. உச்சிவெயில் மட்டும் நேரே படக்கூடாது, நம்ம ஊர் வெயிலுக்குப் பொசுங்கிவிடும்.

ஆச்சி: அந்த வரிபோட்ட கலாத்தியா ராத்திரியானால் இலையெல்லாம் தூக்கிக் கும்பிடுகிறது. எதைப் பார்த்துப் பயந்ததோ என்று திருநீறு போட்டுவிட்டேன்.

தம்பி: அது தூங்குகிற விதமே அப்படித்தான். காம்பு முனையில் புடைத்த மூட்டு ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் ஏறி இறங்கும்போது இலை நிமிரும், விரியும். நுனி கருகியிருக்கிறதே, அதற்குத்தான் வைத்தியம் வேணும். போர்வெல் தண்ணீரை விட்டுவிட்டு, முற்றத்தில் பிடிக்கிற மழைத்தண்ணீர் ஊற்றுங்க.

ஆச்சி: அது நான் பருப்பு வேகவைக்கிற தண்ணீர்! ம்ம்... போகட்டும், வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணும் என்றாளே மருமகள்?

தம்பி: 1989-ல் நாசா சில வீட்டுச் செடிகளைக் காற்றுப்புகாத பெட்டிக்குள் வைத்துச் சோதித்தது. அதிலிருந்து கிளம்பிய பேச்சு. உங்க வளவில் நடுவே வானமே திறந்திருக்கிறது, இந்த ரெண்டு செடி என்னத்தைச் சுத்தம் பண்ணும்?

ஆச்சி: காற்றுக்கும் ஆகாது. கறிக்காவது ஆகுமா?

தம்பி: மான்ஸ்டெரா நம்ம சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம்தான். ஆனால் இலையை வாயில் வைத்தால் அதிலுள்ள ஊசிப் படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி எரியும்.

ஆச்சி: (முகம் மலர்ந்து) கருணைக்கு உறவா! அதை முதலிலேயே சொல்லக்கூடாதா? புளி கரைத்து ஊற்றினால் அரிப்பு அடங்கிவிடாதா?

தம்பி: ஆச்சி... அரிவாள்மனையை எதற்கு எடுக்கிறீங்க?