மூன்று வருடத்தில் எல்லோரும் வெளியே வந்துவிடுவதில்லை

‘கொலை செய்தாலும் 18 வயதுக்குக் கீழே என்றால் மூன்று வருடம்தான்’ என்று இங்கே பலர் எழுதியிருக்கிறார்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தில் அது பாதி உண்மை. குற்றம் செய்த சிறாரைத் திருத்துவதற்கான சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு என்பது பிரிவு 18. ஆனால் குற்றம் நடந்த நாளில் 16 வயது நிரம்பியிருந்து, குற்றமும் கொடுங்குற்றமாக இருந்தால், சிறார் வழக்குகளை விசாரிக்கும் நீதிக் குழுமம் 3 மாதத்துக்குள் முதற்கட்ட மதிப்பீடு (குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறனும் விளைவை அறியும் திறனும் அவனுக்கு இருந்ததா என்ற ஆய்வு) செய்து வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அங்கே பெரியவர்களுக்கான தண்டனைக்கும் இடமுண்டு. மரண தண்டனையும் விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் சிறையும் மட்டும் கூடாது (பிரிவு 21). 21 வயதுவரை சிறுவனைச் சிறையில் அல்லாமல் பாதுகாப்பிடத்தில் வைப்பார்கள். அதன் பிறகு நீதிமன்றம் அவன் திருந்தியிருக்கிறானா என்று பார்த்து, விடுவிக்கும் அல்லது மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பும்.

கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டாக இருக்க வேண்டும். 2020-இல் ஷில்பா மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு ஆயுள்வரை தண்டனை உண்டு. ஆனாலும் குறைந்தபட்சம் 7 ஆண்டு இல்லாததால் அது மாற்றத்தக்க வழக்கல்ல.

வழக்கு கெடுவது பெரும்பாலும் அந்த முதற்கட்ட மதிப்பீட்டில்தான். ‘விளைவை அறிந்தவன்’ என்று ஒரே வரியில் அறிக்கை எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது. குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லையென்றால் உளவியலாளரின் உதவி கட்டாயம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு. வயதை உறுதிசெய்ய முதலில் பள்ளிச் சான்றிதழ், அடுத்து பிறப்புச் சான்றிதழ்; இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. சான்றிதழ் கையில் இருக்கும்போதே பையனை எக்ஸ்ரேவுக்கு அனுப்புவது சட்டத்துக்கே விரோதம். பெற்றோர் சான்றிதழை முதல் நாளே குழுமத்தில் கொடுத்துவிட வேண்டும்.