மறுத்தவர் பெயர் என்ன?

மருத்துவக் காப்பீடு எடுங்கள் என்று சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எடுத்தபின் ஒருநாள் ஆஸ்பத்திரி கவுண்டரில் "அப்ரூவல் வரல சார்" என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. இத்தனைக்கும் இது வேலூர். சிஎம்சிக்கு வரும் வங்காளிகளுக்காக லாட்ஜ் போர்டையே வங்காளத்தில் எழுதி வைத்திருக்கிற ஊர். ஆஸ்பத்திரி நமக்குப் பழகிப்போன விஷயம். ஆஸ்பத்திரிக்கும் நமக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும் காப்பீட்டுக் கம்பெனியோடுதான் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சைக்குப் பணம் தர முடியாது என்று முடிவு செய்தவர் ஒரு டாக்டர் என்றால், அவர் பெயரும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் மறுப்புக் கடிதத்தில் இருக்க வேண்டும். அந்த மறுப்பை எதிர்த்துக் கேட்க, நோயாளி கட்டிலில் இருக்கும்போதே வழி இருக்க வேண்டும். நமக்கு மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் போட்டுத்தான் எழுதுகிறார். அதே சிகிச்சையை வேண்டாம் என்பவர் மட்டும் முகம் காட்டாமல் இருப்பது என்ன நியாயம்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் முற்றி நிமோனியா ஆகி, நடுராத்திரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாலிசி 2018இல் எடுத்தது, ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பித்தது. மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது, பேச முடியவில்லை. டியூட்டி டாக்டர் பக்கத்தில் நின்ற பையனிடம் "அப்பாவுக்கு சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்டார். அவனும் "ரொம்ப நாளா இருக்கு, ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்றான். கேஸ் ஷீட்டில் 'சர்க்கரை - 10 வருடம்' என்று ஏறிவிட்டது. உண்மையில் சர்க்கரை தெரியவந்தது பாலிசி எடுத்த பிறகு. கொரோனா சமயத்தில் ரத்தம் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த லேப் ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறது.

2024 கடைசியில் நடந்தது இது. கேஷ்லெஸ், அதாவது நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் வசதி, மறுக்கப்பட்டது. காரணம் ஒரே வரி: 'முன்பே இருந்த நோயை மறைத்துள்ளீர்கள்.' யார் பார்த்தார், எதை வைத்துச் சொன்னார் என்று எதுவும் இல்லை. கவுண்டரில் இருந்த பெண்ணைக் கோபித்துப் பயனில்லை, அவருக்கு வந்தது ஒரு மெயில். கம்பெனிக்காகக் கிளெயிம்களைப் பார்க்கும் இடைநிறுவனமான டிபிஏவுக்குப் போன் போட்டால் "கம்பெனி முடிவு சார்" என்றார்கள். கம்பெனிக்குப் போட்டால் "டிபிஏதான் சார் பார்க்கிறாங்க." டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டார்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு மாமா சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கா வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்து, "தம்பி, பேசிக்கிட்டு இருக்காத, வச்சுட்டு வா" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். மோசமில்லை, சொல்லப்போனால் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐஆர்டிஏஐ, 2024 மே மாதம் ஒரு முதன்மைச் சுற்றறிக்கை விட்டது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான கடைசி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி போடும் கூடுதல் காசு கம்பெனி தலையில். ஒரு கிளெயிமை மறுப்பதென்றால் கம்பெனிக்குள் மூன்று பேர் கொண்ட மறுஆய்வுக் குழு சம்மதிக்க வேண்டும், பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்று எழுத வேண்டும். டிபிஏ தானாக மறுக்க முடியாது. அதைவிட முக்கியம், பாலிசி 60 மாதம் தொடர்ந்து ஓடிவிட்டால் 'மறைத்துவிட்டாய்' என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. மோசடி என்று நிரூபித்தால் ஒழிய. முன்பு இது எட்டு வருடமாக இருந்தது.

மாமாவின் பாலிசி ஆறு வருடம் தாண்டியது. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அந்த 60 மாத விதியைக் குறிப்பிட்டு, லேப் ரிப்போர்ட்டையும் சிகிச்சை பார்த்த டாக்டரின் சான்றையும் வைத்துக் கடிதம் போட்டோம். பணம் வந்தது. விளக்கம் வரவில்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. நகைக்குக் கட்டிய வட்டியை யாரிடம் போய்க் கேட்பது? உரிமை பேப்பரில் இருந்தது, வளையல் அடகுக்கடையில் இருந்தது. என் கோபம் அங்கேதான்.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். உள்ளே நுழைந்ததும் "என்ன பண்ணுது?" என்று கேட்பதற்கு முன் "இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று கேட்கும் ஆஸ்பத்திரிகளும் நம் ஊரில் உண்டு. இருக்கிறது என்றால் பில் தானாக வளரும். அதைக் கட்டுப்படுத்த ஒருவர் வேண்டும்தான். ஆனால் கட்டுப்படுத்துகிறவரின் சம்பளம், மறுத்தால் லாபம் பார்க்கும் இடத்திலிருந்து வருகிறது. அதனால்தான் பெயரைக் கேட்கிறேன்.

இன்னொன்று, அறை வாடகை. பலர் ஏமாறுவது இங்கேதான். பழைய பாலிசிகளில் ஒரு நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்று இருக்கும். மூன்று லட்சம் பாலிசி என்றால் 3,000 ரூபாய். "ஏசி ரூம்தான் சார் காலியா இருக்கு" என்று 5,000 ரூபாய் ரூமில் படுக்க வைத்தால், வித்தியாசம் இரண்டாயிரத்தோடு போகாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை எல்லாமே அதே விகிதத்தில் அறுபது சதவீதமாக வெட்டப்படும். அந்த வகையில் ஒரு லட்சம் பில் என்றால் நாற்பதாயிரம் உங்கள் கையிலிருந்து. மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைக்கும் பொருள்கள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இவற்றில் அப்படி வெட்டக் கூடாது என்று விதி உண்டு. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. எந்த ரூமாக இருந்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றால் வெட்டவே கூடாது. பில்லில் வெட்டியிருந்தால் வரிவரியாகப் பாருங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கார்டு வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம், திட்டத்தில் சேர்ந்த தனியாரிலும் பார்க்கலாம். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு "கொஞ்சம் கட்டிடுங்க" என்று கேட்டால் கட்டாதீர்கள், 1800 425 3993க்குப் போன் போடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனி வேலைக்காரர்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் உங்கள் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 போடுகிறார். அங்கே பிரச்சினையே வேறு, அதைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் எழுதிப் போட்ட முறையீட்டைக் கம்பெனி மறுத்தால் அல்லது ஒரு மாதம் பதிலே இல்லை என்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார். 50 லட்சம் வரை விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தீர்ப்பை 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் கம்பெனி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காகிதமெல்லாம் கொடுத்து முடித்தபின் தீர்ப்புக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். டிஸ்சார்ஜ் சொல்லி உட்கார்ந்திருக்கிறவருக்கு அது எதற்கு ஆகும்?

இந்தக் காப்பீட்டுத் தொல்லையில் நமக்கெல்லாம் அண்ணன் அமெரிக்கா. எந்த டாக்டரைப் பார்க்கலாம், எந்த ஆபரேஷன் செய்யலாம் என்று கம்பெனியே நிர்வகிக்கும் திட்டங்களுக்கு 1973இலேயே சட்டம் போட்டு வளர்த்தார்கள். அப்புறம் அதில் மாட்டிக்கொண்டு பல வருடம் சண்டை போட்டார்கள். 2010 சட்டத்தில் ஒன்று வாங்கினார்கள்: மருத்துவக் காரணம் சொல்லி மறுத்தால், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளியாளிடம் மறுஆய்வு கேட்கலாம். அவசரம் என்றால் 72 மணி நேரத்துக்குள் முடிவு. அந்த முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அங்கே எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஒன்றை நாம் தைரியமாகக் காப்பியடிக்கலாம். இத்தனை டாக்டர்கள் இருக்கும் இந்த ஊரில் அப்படி ஒரு குழு போட ஆள் கிடைக்காதா?

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். அட்மிஷன் போட்ட மறுநாளே கேஸ் ஷீட்டில் நோய் வரலாறு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தப்பாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி அப்போதே திருத்தச் சொல்லுங்கள். கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான நடத்தை விதி. கவுண்டரில் எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுப்பு என்றால் வாய்வார்த்தையை ஏற்காதீர்கள், கம்பெனி பெயரில் எழுத்தில் கேளுங்கள், எந்த டாக்டர் பார்த்தார் என்றும் கேளுங்கள். இப்போதைக்குச் சொல்ல மாட்டார்கள். ஆயிரம் பேர் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குடியாத்தம், வேலூர், ராணிப்பேட்டை பக்கம் யார் வீட்டு பீரோவிலாவது மறுப்புக் கடிதம் கிடந்தால் தேதியைப் பாருங்கள். உங்கள் முறையீட்டைக் கம்பெனி மறுத்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் ஓம்பட்ஸ்மேனிடம் போக நேரம் இருக்கிறது. பாலிசி எண்ணை மறைத்துவிட்டு இன்பாக்ஸில் படம் அனுப்புங்கள். பதில் எழுத என்னால் முடிந்த உதவி செய்கிறேன்.