அடுத்த சீசன் உண்டா இல்லையா, முதலில் அதைச் சொல்லுங்கள்

நேற்று ராத்திரியிலிருந்து அந்தப் பதிவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால் இங்கே மறுபடி போடவில்லை. இந்தியாவின் ஃபார்முலா 4 கார் பந்தயத் தொடர் அடுத்த வருஷம் ஓடுமா ஓடாதா என்றே தெரியவில்லையாம், ஓடாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வேறு பொம்மை வாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார். எழுதியவர் நான் பல வருஷமாக மதித்துப் படிக்கிற அண்ணன். கீழே வந்து சிரித்துவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் எனக்கும் நண்பர்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டதால் சொல்கிறேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நஷ்டம். ஃபார்முலா 1 வரை போகிற ஏணியில் இதுதான் முதல் படி. கார்ட்டிங் என்கிற குட்டிக் கார் பந்தயம் முடித்த பிள்ளை 15 வயதில் இங்கே ஏறி, அப்புறம் ஃபார்முலா ரீஜனல், ஃபார்முலா 3 (எஃப் 3), எஃப் 2 என்று போக வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ 2014-ல் இதைக் கொண்டுவந்ததே அந்தந்த நாட்டுப் பிள்ளை சொந்த நாட்டிலேயே தொடங்கட்டும் என்றுதான். ஃபார்முலா 1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று சீசனில் 40 புள்ளி சேர்க்க வேண்டும். எஃப் 4 பட்டம் வென்றால் அதில் 12 கிடைக்கும். கார்கள் குறைவாக ஓடினால் அந்தப் புள்ளியும் குறைந்துவிடும். கார்கள் ஏன் குறைகின்றன? சீசன் எப்போது, எங்கே என்று பெற்றவர்களுக்கு நேரத்தோடு தெரிவதில்லை, அதனால்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த சீசன் உண்டா? உண்டென்றால் எந்தத் தேதிகளில், எந்தத் தடத்தில்? வருஷம் பிறக்கும்போதே சொல்லுங்கள், சொன்ன தேதியில் நடத்துங்கள்.

இதுவரை நடந்ததைப் பாருங்கள். இந்திய எஃப் 4 2022-ல் தொடங்கும் என்றார்கள். தொடங்கியது 2023 கடைசியில், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில். அந்த டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றித் தெருக்களில் நடக்க வேண்டிய இரவுப் பந்தயம் மிக்ஜாம் புயலில் தள்ளிப்போனது. புயலுக்கு யாரைக் குறை சொல்வது, ஊரே தண்ணீரில் கிடந்தது. ஆனால் நவம்பர், டிசம்பரில் சென்னையில் மழை வரும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும், அப்புறம் ஏன் அந்த மாதங்களைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? கடைசியில் அது நடந்தது 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில். இடையில் உயர் நீதிமன்ற வழக்கு. பந்தய நாள் அன்றும் தடத்துக்கு எஃப்ஐஏ சான்றிதழ் வரும்வரை அத்தனை பேரும் காத்துக்கிடந்தார்கள். பெரியவர்களுக்கு அது ஒரு சாயங்காலம், அவ்வளவுதான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையனுக்கு அப்படியா?

இது புதுசும் இல்லை. எங்கள் கோயம்புத்தூர்க்காரர் கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒரு கார் செய்தார். நடுத்தரக் குடும்பத்துப் பையனும் கொஞ்சம் முட்டி மோதினால் உட்கார்ந்து ஓட்டக்கூடிய விலையில். நரேன் கார்த்திகேயன் பந்தயம் தொடங்கியது அந்தக் காரில்தான். 2005-ல் அவர் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1 ஓட்டியபோது இந்த ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது, அவர் ஏறிவந்த முதல் படியைப் பற்றி யாரும் பேசவில்லை. கரிவரதன் 1995-லேயே விமான விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு ஃபார்முலா ரோலான் வந்தது, போனது. ஜேகே ரேசிங் ஏஷியா தொடர் வந்தது, 2012-ஓடு முடிந்தது. எம்ஆர்எஃப் சேலஞ்ச் வந்தது. பின்னாளில் ஃபார்முலா 1 ஓட்டிய மிக் ஷூமாக்கர் வந்து ஓட்டினார். அதில் பட்டம் வென்ற பிரேசில் பையன் ஃபெலிப்பே ட்ரூகோவிச் 2022-ல் எஃப் 2 சாம்பியன் ஆனார். அதுவும் நின்றது. எல்ஜிபி ஃபார்முலா என்கிற உள்ளூர்த் தொடரின் கார்கள் மட்டும் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் விடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதை நடத்துகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மற்றபடி ஒவ்வொரு முறையும் புதுப் பெயர், புது கார், புது மேடை, பெரிய விளக்குகள், சில வருஷத்தில் சத்தமில்லாமல் ஷட்டர். 2012-க்குப் பிறகு ஃபார்முலா 1-ல் ஓர் இந்திய ஓட்டுநர்கூட பந்தயம் ஓட்டவில்லை. ஏன் என்று கேட்கிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்கட்டும்.

என் அக்கா மகனைப் பற்றி இங்கே எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன். எந்தத் தொடர், எந்த டீம் என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். கார்ட்டிங்கில் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தான், ஒரு டீம் கூப்பிட்டது, அவன் உடம்பு அளவுக்கு சீட் செய்கிற சீட் ஃபிட்டிங்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். பார்த்திருக்கிறீர்களா? ஒரு பெரிய குப்பைப் பையில் இரண்டு கெமிக்கலைக் கலந்து ஊற்றி, அதைக் காக்பிட்டுக்குள் வைத்து, அதன்மேல் பையனை உட்காரவைப்பார்கள். ஃபோம் அவன் முதுகுக்குப் பின்னால் சூடாகப் பொங்கி எழும்பும். அது இறுகுகிற வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இழுத்து மூச்சுவிடாமல், அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் பந்தயத்தில் விலா எலும்பு இடிபடும். அவன் சிலை மாதிரி இருந்தான். நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் போகிறது, இமைக்கிறான், கையை எடுக்கவில்லை. வீட்டில் ஓர் இடத்தில் அரை நிமிஷம் உட்காராத பையன். இறுகியதும் வெளியே எடுத்து ஓரத்தை வெட்டி, டேப் சுற்றி, அவன் பெயரை மார்க்கரில் எழுதினார்கள்.

அடுத்த மாதம் என்றார்கள். அப்புறம் மழை முடியட்டும் என்றார்கள். அப்புறம் தடம் கிடைக்கவில்லை என்றார்கள். கடைசியில் டெஸ்டிங்குக்குக் கூப்பிட்டபோது அவன் அந்த சீட்டில் உட்கார்ந்தான், தோள் உள்ளே இறங்கவில்லை. வளர்ந்துவிட்டான். மெக்கானிக் அண்ணன் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை தம்பி, புதுசு ஊத்திக்கலாம் என்றார். அதற்குள் ப்ளஸ் டூ வந்துவிட்டது, மாமா ஒதுக்கிவைத்திருந்த பணமும் வேறு செலவுக்குப் போய்விட்டது. இப்போது இஞ்சினியரிங் படிக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். பந்தயம் டிவியில் வந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறான். யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்களே அண்ணே, இவனுக்கு.

சரி, பணக்காரர்கள் விளையாட்டு என்பதற்கு வருகிறேன். ஆமாம், செலவு பிடிக்கிற விளையாட்டுதான், யார் மறுத்தது? ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். சாதாரண வீட்டுப் பையன் ஸ்பான்சர் இல்லாமல் ஓட்ட முடியாது. கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி வைத்திருப்பவரிடம் போய் நின்றால் அவர் கேட்கிற முதல் கேள்வியே, எத்தனை ரேஸ், எந்த ஊர், எந்த மாதம், டிவியில் வருமா என்பதுதான். இதற்குப் பதில் இல்லாமல் எந்த முகத்தோடு பணம் கேட்பது? தேதி இல்லையென்றால் ஸ்பான்சர் இல்லை. ஸ்பான்சர் இல்லையென்றால் அப்பாவின் சொந்தக் காசில் ஓட்டுகிறவன் மட்டும்தான் மிஞ்சுவான். பணக்காரர்கள் மட்டும் மிஞ்சுவதற்குக் காரணமே இந்த நிச்சயமின்மைதான். அதைக் காட்டியே தொடரை மூடு என்றால் என்ன நியாயம்?

அரசுப் பணம் என்பீர்கள். சென்னைத் தெருப் பந்தயத்துக்கு 40 கோடி ஒதுக்கியது, பக்கத்தில் ஓமந்தூரார் மருத்துவமனை இருந்தது, போக்குவரத்தைத் திருப்பிவிட்டது, எல்லாமே நியாயமான கேள்விகள். எனக்கும் தெருப் பந்தயம் வேண்டாம். கொடிமரச் சாலையில் அந்தக் கார்கள் விளக்கு வெளிச்சத்தில் போனதைப் பார்த்துக் கண் கலங்கியவன்தான் நான், இருந்தாலும் வேண்டாம். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே ஒரு தடம் இருக்கிறது. இரண்டையும் வைத்து ஒரு சீசன் நடத்த முடியாதா? நடத்தலாம். டிக்கெட் விற்காது, நடிகர்கள் வரமாட்டார்கள், அதுதானே பிரச்சினை?

முதல் சீசனை ஜெயித்தது ஆஸ்திரேலியப் பையன் கூப்பர் வெப்ஸ்டர், அப்புறம் என்ன இந்தியத் தொடர் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல ஓட்டுநர் வந்தால்தான் நம் பிள்ளை அவனைத் துரத்தக் கற்றுக்கொள்வான். வேறு பதில் இல்லை.

திறமை இருந்தால் வெளிநாடு போய்விடுவார்கள் என்பது இன்னொரு வாதம். நம் நாட்டு ஓட்டுநர் குஷ் மைனி போனார், 2025-ல் மொனாக்கோவில் எஃப் 2 ஸ்பிரிண்ட் என்கிற குறும்பந்தயத்தை ஜெயித்தார், அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் சின்ன வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போக எத்தனை வீட்டால் முடியும்? முடியாதவர்களுக்காகத்தானே உள்ளூர் எஃப் 4?

அப்புறம் அந்தப் பொம்மை என்ற வார்த்தை. அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. என் அப்பா மில்லில் ஃபிட்டர். லீவு போட்டு, கடன் வாங்கி, அந்தக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் நடந்த சோழவரம் கார் பந்தயம் பார்க்க ரயில் ஏறிப் போனவர். ஓட்டுகிறவர்கள் பணக்காரர்களாக இருக்கலாம், அந்தக் காரைச் செய்து நிறுத்துகிறவர்கள் யார்? வெல்டிங் போட்டுக் கண் சிவந்தவர்கள், பந்தயத்துக்கு முந்தின ராத்திரி கார்களைச் சரிபார்க்கிற பிட்டில் தரையில் படுத்து கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டுகிறவர்கள், ஐடிஐ முடித்துவிட்டு வந்து டயர் பிரஷர் பார்க்கிற பையன்கள், உச்சி வெயிலில் கொடியோடு நிற்கிற மார்ஷல்கள். சீசன் இல்லையென்றால் அவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு நல்ல மெக்கானிக் இப்போது டாக்ஸி ஓட்டுகிறார். கார் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லக்கூடிய மனுஷன். அவர் வேலையையும் சேர்த்துத்தான் பொம்மை என்றீர்கள் அண்ணே. தெரிந்து சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை எதிர்த்து எழுதுகிறவன் இல்லை நான். இருக்கிற தொடரைக் காப்பாற்றச் சொல்கிறேன். ஜூலையில் தொடங்குங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடியுங்கள், பரீட்சை மாதத்தைத் தொடாதீர்கள். பந்தயங்கள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாமே நடக்கட்டும்.

கமெண்டில் கிரிக்கெட்டை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் வரலாம். ரஞ்சி ஆடுகிற பையனுக்கு அடுத்த ஆட்டம் எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. இங்கே ஏன் அது முடியவில்லை என்று அவர்களே சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.